பெற்ற தாய் குழந்தைக்குத் தீட்டா?

நம் நாட்டில் ஒரு குழந்தை மாதம் நிறையுமுன் பிறந்துவிட்டால், அது பிழைக்குமா பிழைக்காதா என்பதை டாக்டர் சொல்வதற்கு முன்பே வீட்டிலுள்ள கிழவிகளும், தெருவிலுள்ள பெரிய மனிதர்களும், பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் வைத்திருக்கும் ஜோசியரும் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றார்கள். ஏழாம் மாதத்துப் பிள்ளை நிற்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை நிற்காது என்பது அத்தீர்ப்புகளில் ஒன்று. ஒரு மாதம் அதிகமாகத் தாய் வயிற்றிலிருந்து வளர்ந்த பிள்ளை, குறைவாக இருந்த பிள்ளையைவிட எப்படிப் பலவீனமாகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அரை வேக்காட்டுச் சோற்றைவிட முக்கால் வேக்காட்டுச் சோறு மோசம் என்று எந்த வீட்டிலாவது சொல்லுவார்களா? சோற்றுக்கு உபயோகிக்கும் புத்தியைக்கூட நம் மக்கள் பிள்ளைக்கு உபயோகிக்கச் சம்மதிப்பதில்லை.

இந்த மடமை நமக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் வைத்திய நூல்களில், எட்டாம் மாதப் பிள்ளையைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் இருக்கின்றது. அவர்களும் இதையேதான் சொன்னார்கள். வித்தியாசம் என்னவென்றால், அந்த நாட்டு வைத்தியர்கள் அதைக் கைவிட்டுப் பல காலமாயிற்று. நம் வீடுகளில் அது இன்றும் குடியிருக்கின்றது.

1963ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்தது. எடை சுமார் 2.1 கிலோ. உலகத்திலேயே பெரிய பதவியும், வேண்டிய பணமும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் டாக்டர்களும், பிரார்த்தனை செய்யக் கோடிக்கணக்கான மக்களும் இருந்தும், நுரையீரல் முற்றாத அக்குழந்தை 39 மணி நேரத்தில் இறந்துபோயிற்று. இன்று அதே எடையில், அதே வாரத்தில் பிறக்கும் குழந்தை நம் ஜில்லா ஆஸ்பத்திரிகளிலேயே பெரும்பாலும் பிழைத்து வீட்டிற்குப் போகின்றது. இடையில் மாறியது என்ன? பிரம்மா தலையில் எழுதும் எழுத்தை மாற்றிக்கொண்டானா? நுரையீரலுக்கு மருந்து கண்டுபிடித்தார்கள், மூச்சுக் கொடுக்கும் யந்திரம் கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான்.

நிற்க, இந்த வியாசத்தில் நாம் யந்திரத்தைப் பற்றி எழுத வரவில்லை. யந்திரம் இருக்கும் அறையின் கதவைப் பற்றி எழுத வந்தோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தோழருடைய மருமகளைப் பார்க்க ஓர் ஊரிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். 31 வாரத்தில் பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை 1,300 கிராம். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றது. அந்தப் பெண் வெளியே தாழ்வாரத்து பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டு பாலைப் பீச்சி ஒரு கிண்ணத்தில் ஜன்னல் வழியாகக் கொடுக்கின்றாள். சாயங்காலம் பத்து நிமிஷம் கண்ணாடி வழியாகப் பார்க்கலாமாம். பிறந்து ஒன்பது நாளாகியும் அந்தப் பிள்ளையைத் தொடவே இல்லை.

"உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளக் கூடாதாம்மா?" என்று கேட்டோம்.

"நர்ஸம்மா விடமாட்டாங்க மாமா. விட்டாலும் பதினாறு நாள் தீட்டு கழியட்டும்னு அத்தை சொல்றாங்க" என்றாள்.

பக்கத்திலிருந்த மாமியாரம்மாளும் தலையை ஆட்டினார்கள். ஆஸ்பத்திரிக்காரருக்குச் சாஸ்திரம் தெரியாது. மாமியாரம்மாளுக்கு இங்கிலீஷ் வைத்தியம் தெரியாது. இருந்தும் இருவரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றார்கள். நாம் அங்கு நின்ற ஒரு மணி நேரத்தில் அந்தக் கதவு வழியாகத் தரை துடைப்பவர் போய் வந்தார். விளக்கு மாற்ற ஒருவர் போய் வந்தார். காப்பி கொண்டுவரும் பையனும் போய் வந்தான். அவர்கள் பேரில் நமக்குக் குற்றமில்லை, அவரவர் வேலையை அவரவர் செய்கின்றார்கள். ஆனால் அத்தனை பேரும் போகக்கூடிய கதவுக்குள் பெற்றவள் மாத்திரம் ஏன் போகக்கூடாது என்பதுதான் நமது கேள்வி.

இதற்குப் பதில் தேட வேண்டுமானால், மாதம் நிறையாத குழந்தை என்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பம் 40 வாரம். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். 2020ம் ஆண்டில் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாகக் கணக்கிடப்பட்டிருக்கின்றது. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். ஐந்து வயதுக்குள் சாகும் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் பசியுமல்ல, அம்மையுமல்ல, இந்தக் குறைமாதப் பிறப்பினால் வரும் கோளாறுகளே.

இக்குழந்தைக்குக் குறைவது எடை மாத்திரம் என்று பலர் நினைக்கின்றார்கள். உண்மையில் குறைவது மூளை. வயிற்றில் இருக்கும் கடைசி மூன்று மாதத்தில்தான் மூளையின் மேற்பரப்பில் மடிப்பு மடிப்பாக விழுகின்றது. 28 வாரத்தில் அது பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும். 34, 35 வாரத்தில்கூட மூளையின் எடை, நிறைமாதத்தில் இருக்கவேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான். அப்படியானால், ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளையின் மூளை எங்கே கட்டப்படுகின்றது? கர்ப்பத்தில் அல்ல, அந்த ஆஸ்பத்திரி அறையில். இருட்டிலும், கதகதப்பிலும், தாயின் நெஞ்சடிப்பையும் குரலையும் கேட்டுக்கொண்டு, கையும் காலும் மடங்கி நீரில் மிதந்துகொண்டு வளரவேண்டிய மூளை, இரவு பகல் தெரியாத விளக்கு வெளிச்சத்திலும், யந்திர மணிகளின் சத்தத்திலும், மணிக்கு மணி ஊசி குத்தலிலும் வளர வேண்டியிருக்கின்றது.

அந்தப் பிள்ளைக்குக் காது ஏறக்குறைய 25 வாரத்திலேயே கேட்க ஆரம்பிக்கின்றது. அது படுத்திருக்கும் பெட்டியின் மேல் விரலால் தட்டினால் நமக்கு ஒன்றுமில்லை. உள்ளே அது இடி. பெட்டியின் சிறு கதவைப் படாரென்று சாத்தினால் பிள்ளை தூக்கிவாரிப் போட்டு, நெஞ்சடிப்பு மாறி, இரத்தத்தில் பிராணவாயு குறைவதை அங்கேயே யந்திரத்தில் பார்க்கலாம். அறையின் சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 1997லேயே எழுதியது. நமது ஆஸ்பத்திரிகளில் செல்போன் மணிக்கும் சிப்பந்திகளின் கூப்பாட்டுக்கும் நடுவே அந்த அளவு எங்கே நிற்கும்?

பேசத் தெரியாத அந்தப் பிள்ளை பேசுகின்றது என்பதைக் கவனித்து எழுதியவர் ஹைடெலிஸ் ஆல்ஸ் என்ற அம்மையார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வேலை செய்தவர். 1980களில், கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையும் என்ன செய்கின்றது என்று குறித்துக்கொண்டே வந்தார். விரல்களை விசிறிபோல் விரித்தால், உடம்பை வில்லாக வளைத்தால், கொட்டாவியும் விக்கலும் தும்மலும் தொடர்ந்து வந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், நிறம் மாறினால், "போதும், என்னை விடு" என்று பொருள். கையை வாயிடம் கொண்டு போனால், எதையாவது பிடித்துக்கொண்டால், காலை ஊன்றிக்கொள்ள இடம் தேடினால், தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்கின்றது என்று பொருள். ஆகவே துணியைச் சுருட்டிக் குருவிக்கூடுபோல் சுற்றி வைத்துக் கைகாலை மடங்கவிடுவது, பெட்டியின்மேல் துணி போட்டு வெளிச்சத்தை மறைப்பது, ஊசி, துடைப்பு, துணி மாற்றல் இவைகளையெல்லாம் பிள்ளை விழிக்கும் சமயம் பார்த்து ஒன்றாகச் செய்து மற்ற நேரம் தூங்கவிடுவது, குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கும்பொழுது ஒருவர் இரு கையாலும் பிள்ளையை மடித்துப் பிடித்துக்கொள்வது, நாக்கில் ஒரு சொட்டுத் தாய்ப்பால் விடுவது என்று ஒரு முறை ஏற்பட்டது. இதற்கு யந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. வேண்டியது ஒரு பழைய துணியும் பொறுமையும்.

ஆனால் நாம் பகுத்தறிவு பேசுகின்றவர்களாதலால், நமக்குப் பிடித்தது என்பதற்காக எதையும் மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது. அம்மையாரின் முழு முறையையும் பயிற்சி பெற்றவர்களைக்கொண்டு செய்வதால் பிள்ளையின் பிற்கால அறிவு வளர்ச்சி நிச்சயமாக உயருகின்றது என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. எல்லாச் சோதனைகளையும் சேர்த்து ஆராய்ந்த டாக்டர்கள் 2013ல் அப்படித்தான் முடிவு சொன்னார்கள். அதை மறுப்பவர்களும் இருக்கின்றார்கள். நமக்குத் தெரிந்தவரையில் அதில் எந்தக் கெடுதியும் இல்லை. வலி குறைவதே ஒரு லாபந்தான். வேறொரு காரியத்திற்கோ இந்தச் சந்தேகங்கூட இல்லை. அதுதான் தாயின் மார்பு.

அதற்கு முன் வைத்திய சாஸ்திரத்தின் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். புரோகிதனுடைய தப்பை மாத்திரம் எழுதி டாக்டருடைய தப்பை மறைத்தால் நாமும் ஒரு புதுப் புரோகிதத்திற்கு ஆள்பிடிப்பவர்களாவோம்.

1940களில் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிராணவாயுவை அளவில்லாமல் கொடுத்தார்கள். நல்லதென்று நினைத்தே கொடுத்தார்கள். அதனால் உலகத்தில் ஏறக்குறைய பதினாயிரம் குழந்தைகள் குருடாயின. 1951ல் ஆஸ்திரேலியாவில் கேட் காம்ப்பெல் என்ற பெண் டாக்டர் பிராணவாயுவின் பேரில் சந்தேகத்தைச் சொன்னார். 1953, 54ல் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து சோதித்து, ஆம், நாம்தான் குருடாக்கினோம் என்று ஒப்புக்கொண்டன. பிறகு பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்ததில் வேறு பிள்ளைகள் செத்தன. அதையும் கண்டுபிடித்து இன்று அளந்து கொடுக்கின்றார்கள். (இன்றும் 34 வாரத்திற்கு முன் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்து பிறந்த பிள்ளையின் கண்ணை 30 நாளுக்குள் கண் டாக்டரிடம் காட்டியாக வேண்டும், இன்னும் சிறிய பிள்ளையானால் அதற்கு முன்பே. இதைப் படிப்பவர்கள் யாருக்காவது இது ஒன்றாவது உபயோகப்பட்டால் இந்த வியாசத்தின் கூலி வந்துவிட்டது.)

அதைவிடக் கொடுமை, பச்சைப் பிள்ளைக்கு வலியே தெரியாது என்ற நம்பிக்கை. 1980களின் நடுப்பகுதி வரையில் பல ஆஸ்பத்திரிகளில் குறைமாதப் பிள்ளைகளுக்குப் போதிய மயக்க மருந்து கொடுக்காமலே, அசையாமலிருக்க மாத்திரம் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, மார்பைக் கிழித்து அறுவை செய்தார்கள். 1985ல் வாஷிங்டன் நகரில் இப்படி அறுக்கப்பட்டு இறந்த ஒரு பிள்ளையின் தாய், உண்மை தெரிந்தபின் சும்மாயிராமல் ஊரெல்லாம் கேட்கும்படி எழுதினார். 1987ல் இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்த ஆனந்த் என்ற டாக்டர், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட குறைமாதப் பிள்ளைகளையும் கொடுக்கப்படாத பிள்ளைகளையும் ஒப்பிட்டு, கொடுக்கப்படாத பிள்ளைகளின் உடம்பு எவ்வளவு பாடுபடுகின்றது என்பதை இரத்தச் சோதனையால் காட்டினார். அதன்பின் வழக்கம் மாறிற்று. நாலாயிரம் வருஷத்துச் சாஸ்திரம் என்று பெருமை பேசுகின்றவர்கள், தங்கள் சாஸ்திரம் இப்படி ஒரு தடவையாவது தப்பை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்ட வரலாறு இருந்தால் காட்டட்டும்.

தாயை வெளியே நிறுத்தும் வழக்கமும் இப்படிப்பட்ட ஒரு தப்புதான். பாரிஸ் நகரில் டார்னியே என்ற டாக்டர் 1880களின் தொடக்கத்தில், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துப் பிள்ளைக்குப் பெட்டி செய்தார். அவருடைய சீடர் புதேன், பெட்டி இருக்கட்டும், தாய் பக்கத்திலேயே இருந்து பாலூட்ட வேண்டும் என்றார். பின்னால் வந்தவர்கள் பெட்டியை வைத்துக்கொண்டு தாயைத் தள்ளிவிட்டார்கள். காரணம் நோய்த்தொற்றுப் பயம். மருந்துகள் இல்லாத அந்தக் காலத்தில் அந்தப் பயத்திற்கு நியாயம் இருந்தது. ஆனால் 1960களில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆஸ்பத்திரியில் தாய்மார்களைக் கைகழுவச் சொல்லி உள்ளே விட்டுப் பார்த்தார்கள். தொற்று அதிகமாகவில்லை என்று 1970ல் வெளியிட்டார்கள். காரணம் போனபிறகும் கதவு மாத்திரம் பல ஊர்களில் மூடியே இருக்கின்றது. காரணம் செத்தபிறகும் உயிரோடிருக்கும் வழக்கத்திற்கு நாம் என்ன பெயர் கொடுப்பது வழக்கமோ அந்தப் பெயரையே இதற்கும் கொடுக்கலாம்.

கதவைத் திறந்தவர்கள் பணக்கார நாட்டாரல்ல. தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில், ஏழைகள் வரும் பிரசவ ஆஸ்பத்திரியில், பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட்டு, ஒன்றின் நோய் ஒன்றுக்குத் தொற்றிச் செத்துக்கொண்டிருந்தன. 1978ல் எட்கர் ரே என்ற டாக்டர், பெட்டி இல்லாவிட்டால் தாய் இருக்கின்றாளே என்று யோசித்தார். பிள்ளையைத் துணியில்லாமல் தாயின் இரு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, மேலே துணியால் சுற்றிக் கட்டிவிட்டார். குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் கங்காருவின் பெயரே அந்த முறைக்கு வந்தது. அடுத்த வருஷம், 1979ல், எஸ்தோனியா தேசத்துத் தாலின் நகரில் நர்சுகள் போதாத காரணத்தால் அடிக் லெவின் என்ற டாக்டர், தாய்மார்களையே இரவு பகலாகப் பிள்ளையுடன் தங்கவைத்தார். இரண்டு இடத்திலும் வறுமைதான் ஆசிரியராக இருந்திருக்கின்றது. பிறகு கனடாவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் தாலினைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள்.

இது ஏழைகளுக்கான மட்டரக வைத்தியம், பெட்டி வாங்க வக்கில்லாதவர்களின் சமாதானம் என்று வெகுநாள் கேலி பேசினார்கள். ஆதலால் உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து ஆஸ்பத்திரிகள்; இந்தியாவில் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. ஒரு கிலோவிலிருந்து 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 பிள்ளைகள். பாதிப் பேருக்கு வழக்கப்படி முதலில் பெட்டி, உடல்நிலை தேறியபின் தாயின் மார்பு. மற்றப் பாதிக்குப் பிறந்தது முதலே தாயின் மார்பு. தாயின் படுக்கையையே தீவிர சிகிச்சை அறைக்குள் கொண்டுவந்து போட்டு, குழாயும் மருந்தும் யந்திரமும் எல்லாம் அங்கேயே. பெட்டிப் பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தவை நூற்றுக்கு 15.7. மார்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 12. அதாவது சாவில் நாலில் ஒரு பங்கு குறைந்தது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபிறகு மற்றப் பிள்ளைகளுக்கு இதை மறுப்பது அநியாயம் என்று சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2021ல் முடிவு வெளிவந்தது.

தொற்று வரும் என்று சொன்னார்களே, அது என்னவாயிற்று? இரத்தத்தில் நச்சுத் தொற்று என்று சந்தேகிக்கப்பட்டது பெட்டிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 27.8, தாயிடம் இருந்த பிள்ளைகளில் 22.9. குளிர்ந்துபோன பிள்ளைகளும் தாயிடத்தில்தான் குறைவு. பயந்ததற்கு நேர் எதிரிடை! எந்தத் தாயால் நோய் வரும் என்று வெளியே நிறுத்தினார்களோ, அந்தத் தாய் இல்லாததால்தான் நோய் வந்திருக்கின்றது. 2022ல் உலக சுகாதார ஸ்தாபனம், குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனேயே, நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி வரை முடிந்த மட்டும் இப்படி வைத்திருக்க வேண்டுமென்று சொல்லிவிட்டது. மூச்சே விடமுடியாத, அதிர்ச்சி நிலையிலுள்ள பிள்ளைகளுக்கு மாத்திரம் விலக்கு. பொகோட்டாவில் 1990களில் இப்படி வளர்ந்தவர்களை 20 வருஷம் கழித்துத் தேடிப் பார்த்ததில், அவர்களில் பள்ளிக்கூடம் போகாமல் நின்றவர்களும் முரட்டுத்தனமுள்ளவர்களும் மற்றவர்களைவிடக் குறைவு என்று 2017ல் எழுதினார்கள். நம் இந்திய சர்க்காரும், டில்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் செய்து பார்த்த அனுபவத்தைக்கொண்டு, பெற்றோரைப் பச்சிளங் குழந்தைகள் பிரிவுக்குள் விட்டுப் பயிற்சி கொடுக்க வேண்டுமென்று 2017ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றது. ஆகவே கதவை மூடுகின்றவர்கள் சாஸ்திரத்தையும் பின்பற்றவில்லை, சர்க்காரையும் பின்பற்றவில்லை. பழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றார்கள்.

இனி வீட்டுக் கதவுக்கு வருவோம்.

தீட்டு என்கின்றார்களே, அது எத்தனை நாள்? மனுதர்மம் தீட்டுக்குக் கணக்கு எழுதும்பொழுது பிராமணனுக்கு 10 நாள், சத்திரியனுக்கு 12, வைசியனுக்கு 15, சூத்திரனுக்கு 30 என்று பிரித்து வைத்திருக்கின்றது. நோய்க்கிருமி ஜாதி பார்த்தா நாள் கணக்கு வைத்துக்கொள்ளும்? கைகழுவினால் போகும் அழுக்கு எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் போகும். கைகழுவினாலும் போகாத தீட்டு என்று ஒன்று இருக்குமானால் அது கையில் இல்லை, புத்தகத்தில் இருக்கின்றது. 1,300 கிராம் பிள்ளைக்கு முதல் பதினாறு நாள்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவிலுள்ள நாள். அந்த நாட்களில் தாயைத் தள்ளி வைப்பது எந்தத் தெய்வத்துக்குப் பிரீதி?

அதோடு நிற்கின்றதா? மாதம் நிறையாமல் பெற்றவள் ராசியில்லாதவள், கிரகணத்தில் வெளியே போனாள், சாந்தி செய்யவில்லை, அவள் நட்சத்திரம் சரியில்லை என்று பழி. இரத்தக் கொதிப்பு, சிறுநீர்த் தொற்று, இரத்த சோகை, இரட்டைக் கர்ப்பம், சிறு வயதிலேயே கலியாணம், அடுத்தடுத்துப் பிரசவம், ஓய்வில்லாத உழைப்பு, இவைகளெல்லாம் குறைமாதப் பிறப்புக்கு வழிகோலும் என்று வைத்தியம் சொல்லுகின்றது. இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் புருஷனும் அவன் வீட்டாரும் பொறுப்பாளிகள். பட்டியலைப் பார்த்தால் தங்கள் பெயர் வரும் என்பதால்தான் நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லுகின்றார்கள் போலும்!

இங்கு ஆண்களான தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாளெல்லாம் பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டிருக்கும் பெண், சோறு எப்பொழுது சாப்பிடுவாள்? எப்பொழுது தூங்குவாள்? வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள்? டில்லிச் சோதனையிலும் மற்ற நாடுகளிலும் தாய்க்கு மாற்றாக வீட்டார் ஒருவர் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு இருந்தது. தகப்பன் மார்பிலும் தாய் மார்பைப் போலவே சூடு இருக்கின்றது, பால்தான் இல்லை. இரவில் நான்கு மணி நேரம் தகப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டால் தாய் தூங்குவாள், பால் ஊறும். மேடையில் பெண் விடுதலையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசக்கூடிய தோழர்கள் நம்மிடம் பலர் இருக்கின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் பிள்ளையை நான்கு மணி நேரம் மார்பில் சுமந்தவர்கள் என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். இதை நாம் நம்மையும் சேர்த்துத்தான் எழுதுகின்றோம்.

தாய்க்குப் பால் வராத பிள்ளைகளுக்கு வேறு தாய்மாரின் பாலைச் சேர்த்து வைக்கும் பால் வங்கி 1989ல் பம்பாய் சயன் ஆஸ்பத்திரியில் ஆசியாவிலேயே முதலாவதாக ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டிலும் உண்டு. பல தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலந்து, 62.5 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து, ஆறவைத்து, உறையவைக்கின்றார்கள். எந்தப் பாட்டிலில் எந்த ஜாதிப் பால் என்று எந்த சர்மாவாலும் பிரித்தெடுக்க முடியாது. ஒரு ஜாதியார் தொட்ட தண்ணீரைக் குடிக்க மறுத்த குடும்பத்துப் பேரன் எந்தத் தாயின் பாலால் பிழைத்தான் என்று அவனுக்கும் தெரியாது, அவன் பாட்டனுக்கும் தெரியாது.

இன்னொரு காரியத்தையும் சொல்லாமல் விடமுடியவில்லை. மாதம் நிறையாமல் தானாகப் பிறக்கும் பிள்ளையைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடும்பொழுது, நன்றாக வயிற்றிலிருக்கும் பிள்ளையை ஜோசியன் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்திற்காக வயிற்றைக் கிழித்து முன்னதாகவே எடுக்கும் வழக்கம் நம் நாட்டில் பரவியிருக்கின்றது. 39 வாரம் முடியுமுன் அவசியமில்லாமல் இப்படி எடுத்தால் என்னவாகும் என்று அமெரிக்காவில் பார்த்து 2009ல் வெளியிட்டார்கள். மூச்சுத் திணறல் முதலிய கெடுதிகள் 39ம் வாரத்தில் எடுத்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8, 38ல் 11, 37ல் 15.3. நல்ல நேரத்தில் பிறந்த பிள்ளை மூச்சுத் திணறி அதே கண்ணாடிப் பெட்டிக்குப் போனால், அந்த ஜோசியன் பெட்டிச் செலவில் பாதி கொடுப்பானா? அதற்கு உடன்பட்டுக் கத்தியை எடுத்த டாக்டரின் படிப்புக்கு என்ன மரியாதை?

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பதில் சொல்லுவார்கள்: இடமில்லை, நர்சு இல்லை, கூட்டம் தாங்காது என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஒரு நர்சு இத்தனை பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால், அவர் எந்தப் பிள்ளையின் விரல் விரிகின்றது என்று எப்பொழுது கவனிப்பார்? அதற்குச் சர்க்காரைத்தான் கேட்க வேண்டும். நர்சைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஆனால் நர்சு போதாத ஊரில் தாயையும் வெளியே நிறுத்துவது, ஆளில்லாத வயலில் வந்து நிற்கும் ஆளையும் துரத்துவது போலாகும். தாலினில் நர்சு போதாததால்தான் கதவைத் திறந்தார்கள்.

நாம் முன்னே சொன்ன பெண்ணின் மாமனார், அதாவது நம் தோழர், மறுநாள் பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்து, 2017ம் வருஷத்து வழிகாட்டுதலைச் சொல்லிக் கேட்டார். டாக்டர் கோபிக்கவில்லை, நாற்காலி இல்லை என்றார். தோழர் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக்கொண்டு போய்ப் போட்டார். பதினோராம் நாள் அந்தப் பெண் கைகழுவி உள்ளே போனாள். வீட்டில் மாமியாரம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தாமே வந்து கைகழுவிக்கொண்டு, எனக்கும் ஒரு மணி நேரம் கொடு என்று கேட்டதாகக் கேள்வி. அந்த நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கின்றது. மற்றத் தாய்மார்களும் முறை வைத்து உட்காருகின்றார்களாம்.

வாசகர்கள் தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகள் அறைக்குத் தாயையும் தகப்பனையும் எத்தனை மணி நேரம் உள்ளே விடுகின்றார்கள், உட்கார என்ன இருக்கின்றது என்று விசாரித்து நமக்கு எழுதினால், விடுகின்ற ஆஸ்பத்திரிகளின் பெயரை வரும் இதழ்களில் வெளியிடுவோம். விடாத இடத்தில் என்ன காரணம் சொல்லுகின்றார்கள் என்பதையும் எழுதலாம்.